ஈற்றில்லமும் மருத்துவமனையும்: திருவனந்தபுரத்துப் பேறுகாலச் சொற்களின் வரலாறு

0. முன்னுரை

குழந்தை பெறுவதற்கு எந்த மருத்துவமனையை நாடுவது என்பது இன்று திருவனந்தபுரத்தில் வாழும் குடும்பங்கள் இயல்பாக எழுப்பும் கேள்வி. இக்கேள்வி மிகப் பழமையானதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் எழுந்த கேள்வி வீடா, மருத்துவமனையா என்பது. அதற்கும் முந்திய காலத்தில், தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, தாய்வீடா, கணவன் வீடா என்பதே கேள்வி. இம்மூன்று கேள்விகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தை மருத்துவ வரலாறு ஆண்டுகளையும் எண்களையும் கொண்டு விளக்கும். மொழியியலாளர் அதே மாற்றத்தைச் சொற்களையும் தொடரமைப்பையும் கொண்டு விளக்க இயலும்.

பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது, அதனைக் குறிக்கும் அன்றாடத் தொடர்களில் பெண் எழுவாய் நிலையிலிருந்து செயப்படுபொருள் நிலைக்கு நகர்ந்தாள் என்பது இக்கட்டுரையின் கருத்து. மருத்துவமனைகளுக்காகத் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இந்நகர்வை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதனின்று பெறப்படும் பயன்.

திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இந்நகரில் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. 1956 நவம்பர் முதல் நாள் வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வட்டங்கள் இந்நகரின் ஆட்சியின்கீழ் இருந்தன. அவை குமரி மாவட்டமாகித் தமிழகத்துடன் இணைந்த பின்னரும், மருத்துவத்திற்காக இந்நகருக்கு வருவோர் வரவு நின்றுவிடவில்லை. ஆகவே, ஒரே மருத்துவமனை வாயிலில் ஒரே பொருளை இரு மொழிகளில் பேசுவோரை இங்குக் காணலாம். மலையாளச் சொற்கள் யாவும் இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

1. வீட்டிற்குரிய சொற்கள்

பேற்றைக் குறிக்கும் பழஞ்சொற்கள் இரு மொழிகளுக்கும் பொதுவானவை. பெறு என்னும் வினையடி முதனிலை திரிந்து பேறு ஆகிறது. ஈன் என்னும் வினையடியிலிருந்து ஈற்று பிறக்கிறது. தொல்காப்பிய உரியியல் புனிறு என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை எனப் பொருள் கூறுகிறது. வயா என்பதனை வேட்கைப் பெருக்கமாக விளக்குகிறது. சங்க இலக்கியத்தில் முதற் கருவைக் குறிக்கும் கடுஞ்சூல் என்னும் சொல்லோடு, மலையாளத்தில் இன்றும் தலைப்பேற்றைக் குறிக்கும் கடிஞ்ஞூல் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இச்சொற்கள் இரு மொழிகளிலும் ஒரே வழியில் செல்லவில்லை. தமிழில் பெற்றாள் என்பது மதிப்பு குன்றாத சொல்; பெற்றோர் என்னும் சொல்லே அதனடியாகப் பிறந்தது. மலையாளத்தில் பெற்றம்ம என்னும் தொகையில் அம்மதிப்பு எஞ்சியுள்ளது. ஆயினும் பெற்று என்னும் வினைமுற்று மக்களைக் குறிக்குமிடத்து நாகரிகம் குறைந்ததாகக் கருதப்படுகிறது; பிரசவிச்சு என்பதே அவைக்குரியது. மறுபுறம், ஈனுதல் தமிழ்ப் பேச்சில் பெரிதும் கால்நடைகளுக்கு உரியதாகிவிட்டது. தலையீற்று என்றால் பசுவின் முதற் கன்றே நினைவுக்கு வரும். மக்களுக்குரிய பொருளில் அது எழுத்துவழக்கில் மட்டும் நிற்கிறது.

மலையாளத்தின் ஈற்றில்லம் என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. பேறு நிகழும் அறை அல்லது மனை என்பது அதன் நேர்ப்பொருள். இன்றைய மலையாள எழுத்தில் அப்பொருளில் அதனைக் காண்பது அரிது. ஒரு கலையின் ஈற்றில்லம், ஓர் இயக்கத்தின் ஈற்றில்லம் எனப் பிறப்பிடம் என்னும் உருவகப் பொருளிலேயே அது வழங்குகிறது. பேறு மருத்துவமனைக்குச் சென்றதால் வீட்டில் அந்த அறை இல்லாமற்போயிற்று. அறை மறைந்த பின்னர்ச் சொல் உருவகமாக வாழ்கிறது. பொருள் மறைந்தும் சொல் மறையாமைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

2. பேறு பார்த்தல்

வீட்டில் நிகழ்ந்த பேற்றுக்குத் துணைநின்றவர் மருத்துவச்சி. இச்சொல் மருத்துவன் என்பதன் பெண்பாலாயினும், வழக்கில் பேறு பார்க்கும் பெண்ணையே குறித்தது. மருத்துவம் என்னும் சொல்லுக்கும் பேறு பார்த்தல் என்னும் பொருள் உண்டு. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் செட்டிப்பெண் மருத்துவம் என்னும் விழாவின் பெயரில் அப்பொருள் காக்கப்பட்டுள்ளது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாதபோது, இறைவனே தாயுருவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தான் என்பது அத்தலத்தின் கதை. பேறுகாலத்தில் பெண் யாரை அருகில் வேண்டுவாள் என்பதற்குத் தமிழ் மரபு அளித்த விடை இக்கதையில் உள்ளது.

மருத்துவச்சி என்னும் சொல் இப்பொருளில் இறுகியதால், பட்டம் பெற்ற பெண் மருத்துவரைக் குறிக்க அது பயன்படவில்லை. முதலில் லேடி டாக்டர் என்றும் பின்னர்ப் பெண் மருத்துவர் என்றும் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. மலையாளத்திலும் பதிச்சி, வயற்றாட்டி என்னும் நாட்டுச் சொற்கள் மரபுவழிப் பேறு பார்ப்போரைக் குறித்து நிற்க, பயிற்சி பெற்றவரைக் குறிக்கச் சூதிகர்மிணி என்னும் வடமொழித் தொடர் கொள்ளப்பட்டது. வயற்றாட்டி என்பதன் ஈறு மூதாட்டி, பெண்டாட்டி என்பவற்றில் வரும் ஆட்டியே. பழஞ்சொல் உறவுக்கும் அயலுக்கும் உரியது. புதுச்சொல் பதவிக்கு உரியது.

இங்கு வினைகளையும் நோக்குதல் வேண்டும். தமிழில் மருத்துவச்சி பேறு பார்க்கிறாள். மலையாளத்தில் பிரசவம் எடுக்கிறாள். ஆயினும் பெறுபவள் வேறு, பார்ப்பவள் வேறு என்னும் பாகுபாடு இரண்டிலும் தெளிவாக உள்ளது. மருத்துவச்சி பார்த்தாள், மகள் பெற்றாள் என்னும்போது இருவரும் தத்தம் தொடரில் எழுவாயாக நிற்கின்றனர்.

3. தைக்காடு

வீடா, மருத்துவமனையா என்னும் கேள்வி திருவனந்தபுரத்தில் கூர்மை பெற்ற காலத்தைத் தைக்காடு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையின் வரலாற்றோடு இணைத்துக் காணலாம். அவ்வரலாற்றில் மேரி புன்னன் லூக்கோஸ் (1886–1976) தலைமையான இடம் பெறுபவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பெண் என்னும் காரணத்தால் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்றார். டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்றியல் பயிற்சி பெற்றார். 1916இல் நாடு திரும்பித் தைக்காடு மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1938இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். கேரளத்தில் முதல் சிசேரியன் அறுவையை 1920இல் செய்தவராகவும் அவர் அறியப்படுகிறார்.

சொல்வரலாற்றுக்கு வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, மரபுவழி மருத்துவச்சியரின் பிள்ளைகளுக்கு அவர் பேறுகாலப் பயிற்சி அளித்தமை. வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த ஐயத்தை நீக்க, வீட்டில் நம்பிக்கை பெற்றிருந்த குடும்பங்களையே அவர் துணைக்கொண்டார். வயற்றாட்டியின் வீட்டிலிருந்தே பயிற்சி பெற்ற பேறுகாலப் பணியாளர் வந்தனர் என்பது சொல்மாற்றத்தின் சமூகப் பின்னணி. இரண்டாவது, 1918இல் தம் முதற் குழந்தையைத் தைக்காடு மருத்துவமனையிலேயே அவர் பெற்றமை. வசதியுள்ள குடும்பங்கள் வீட்டிற்கே மருத்துவரை அழைத்துக்கொள்ளக்கூடிய காலத்தில், மருத்துவமனையின் தலைவரே அங்குப் படுத்துப் பிள்ளை பெற்றது நகரத்தார்க்கு ஒரு சான்றாக நின்றது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல் என்னும் செயலின் முதல் வடிவம் இதுவே எனலாம். இங்குத் தேர்ந்தவள் பெறுபவளே. அவள் தன் உடலைப் பற்றித் தானே அறிந்தவள். எந்த அறையில், யார் துணையோடு பெறுவது என்பதைத் தானே முடிவு செய்தவள். அத்தகைய அறிவும் அதிகாரமும் அந்நாளில் மிகச் சிலர்க்கே வாய்த்திருந்தன. பின்னாளில் மருத்துவமனை எல்லார்க்கும் கிடைத்தது. தேரும் அதிகாரம் அதே அளவில் உடன் வரவில்லை. இதனைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

4. மருத்துவமனைப் பெயர்கள்

பேறுகால மருத்துவமனைக்கு இடப்படும் பெயர், அங்கு யார் வருவர் என்று அதனை நிறுவியோர் எண்ணியதைப் புலப்படுத்தும். சென்னையில் 1844இல் தோன்றிய அரசு மருத்துவமனையின் ஆங்கிலப் பெயர் லையிங்-இன் என்னும் சொல்லைக் கொண்டிருந்தது. பேற்றையொட்டிப் படுக்கையில் கிடத்தல் என்பது அதன் பொருள். இப்பெயர் நிகழ்ச்சியைக் குறித்தது. வருபவளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அதே நகரில் 1885இல் நிறுவப்பட்ட விக்டோரியா மருத்துவமனையின் பெயரில் சாதி, கோஷா ஆகிய இரு சொற்கள் இடம்பெற்றன. பொது மருத்துவமனைக்கு வரத் தயங்கிய உயர்சாதிப் பெண்டிரும் திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்டிரும் வரவேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. விடுதலைக்குப்பின் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் வழக்கில் அது கோஷா ஆஸ்பத்திரியே. யாருக்காக என்னும் பொருள் மறந்துபோயிற்று. ஒலி மட்டும் நிலைத்தது.

திருவனந்தபுரத்தின் இரு பெரிய அரசு மருத்துவமனைகளின் பெயர்கள் வேறு வகையின. மகளிர் குழந்தைகள் மருத்துவமனை என்னும் முறைப்பெயர் இருப்பினும், மக்கள் தைக்காடு என்றே சுட்டுவர். இடப்பெயர் நிறுவனத்தைக் குறிக்கும் இவ்வாகுபெயரைச் சென்னையின் எழும்பூர் வழக்கோடு ஒப்பிடலாம். இரண்டாவது, 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1952இல் உருவான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. 1944இல் சிறு வயதிலேயே மறைந்த திருவிதாங்கூர் இளவரசரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. இன்று அது எஸ்.ஏ.டி. என்னும் மூன்றெழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கும் இடம், இழக்கப்பட்ட ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது அச்சுருக்கத்துள் மறைந்துள்ளது.

தமிழக அரசு வழக்கில் பிரசவ ஆஸ்பத்திரி என்பதன் இடத்தில் மகப்பேறு மருத்துவமனை, தாய்சேய் நல மருத்துவமனை என்பன வந்தன. 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் மகப்பேறு என்னும் சொல்லைச் சிற்றூர் வரை கொண்டு சென்றது. குறளின் ஓர் அதிகாரப் பெயராக வழங்கும் மக்கட்பேறு பிள்ளைகளைப் பெறும் நற்பயனைக் குறிப்பது. அதனோடு ஒத்த மகப்பேறு இன்று சில மணி நேர நிகழ்ச்சியொன்றின் பெயராகிவிட்டது.

5. பெறுதல், ஆதல், சேர்த்தல், எடுத்தல்

அன்றாடப் பேச்சில் வழங்கும் பின்வரும் தொடர்களை வரிசைப்படுத்திக் காண்க.

(அ) அவள் பெண்குழந்தை பெற்றாள்.
(ஆ) அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது; அவளுக்குப் பிரசவம் ஆயிற்று.
(இ) அவளைப் பிரசவத்திற்குச் சேர்த்தார்கள்.
(ஈ) சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள்.

(அ)வில் பெண் எழுவாய். (ஆ)வில் அவள் நான்காம் வேற்றுமை ஏற்று, நிகழ்ச்சியை எய்துபவளாகிறாள். (இ)யில் இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிறாள். (ஈ)யில் அவள் தொடரிலேயே இல்லை. மருத்துவர் எழுவாய், குழந்தை செயப்படுபொருள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய காலவரிசை எனக் கொள்ளலாகாது. (ஆ) மிகப் பழைய அமைப்பு. பசி, நோய், காய்ச்சல் முதலியவற்றுக்கும் தமிழ் அதனையே பயன்படுத்தும். புதியன (இ)யும் (ஈ)யும். அவை மருத்துவமனையோடு வந்தவை. பேறு முழுதும் மருத்துவமனைக்குள் சென்றபின் அவற்றின் ஆட்சி பெருகியது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

மருத்துவமனையைத் தேர்தலைக் குறிக்கும் வினையும் இவ்வரிசையைச் சார்ந்ததே. தேர்ந்தெடுத்தல் என்னும் சொல்லை இப்பொருளில் பேச்சில் கேட்பது அரிது. எங்கே காட்டுகிறீர்கள் என்றே தமிழர் வினவுவர். மலையாளியும் எவிடெயா காணிக்குந்நது என்றே வினவுவார். காட்டு, காணிக்கு இரண்டும் பிறவினைகள். காட்டுபவர் ஒருவர், காட்டப்படுபவர் ஒருவர், காண்பவர் ஒருவர் என மூவரை இவ்வினை வேண்டுகிறது. நான் அந்த டாக்டரிடம் காட்டுகிறேன் என்று பெண்ணே கூறும்போது காட்டுபவளும் காட்டப்படுபவளும் ஒருத்தியே. ஆனால் மருமகளை எங்கே காட்டுகிறீர்கள் என்னும்போது தேர்வு குடும்பத்தினுடையது. இரு மொழிகளும் தனித்தனியே இவ்வினையை இப்பொருளில் கையாள்வது, தேர்வு யாருடையது என்பதைப் பற்றிய சமூக உண்மை ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

இது தமிழுக்கோ மலையாளத்திற்கோ மட்டும் உரிய போக்கன்று. ஆங்கிலத்தில் டெலிவர் என்னும் வினை முதலில் விடுவித்தலைக் குறித்தது. பெண் பிள்ளையினின்று விடுவிக்கப்பட்டாள் என்பது பழைய வழக்கு. பின்னர், மருத்துவர் குழந்தையை டெலிவர் செய்தார் என்னும் வழக்கு பரவியது. நாம் கடன்வாங்கிய டெலிவரி என்னும் பெயர்ச்சொல், இவ்வரலாறு எதனையும் உடன்கொண்டு வராமல் வெறும் நிகழ்ச்சிப் பெயராக வந்துள்ளது. டெலிவரி ஆகிவிட்டது என்னும் தொடரில் அது (ஆ) வகையுள் அடங்கிவிடுகிறது.

6. இன்றைய தேர்வும் மொழிபெயர்ப்பாளர் பணியும்

வீடா, மருத்துவமனையா என்னும் கேள்வி கேரளத்தில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) கேரளத்தில் 99.8 விழுக்காடும் தமிழகத்தில் 99.6 விழுக்காடும் பேறுகள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன. இந்திய அளவில் இது 88.6 விழுக்காடு. இதன் நன்மை பெரிது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணக்கில், ஓரிலட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. ஆகவே மருத்துவமனைக்கு எதிராக வீட்டை உயர்த்துவது இக்கட்டுரையின் கருத்தன்று. பெற்றுப் பிழைத்தாள் என்னும் தமிழ்த் தொடர், பிழைக்காதோர் எத்தனை பேர் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

தேர்வு இன்று மருத்துவமனைகளுக்கு இடையிலானது. அதே குடும்பநல ஆய்வில் அறுவைவழிப் பேறு கேரளத்தில் 38.9 விழுக்காடு, தமிழகத்தில் 44.9 விழுக்காடு. இந்திய அளவில் தனியார் மருத்துவமனைகளில் 47.4, அரசு மருத்துவமனைகளில் 14.3. இத்துணை வேறுபாடு இருக்குமிடத்து, தேர்பவள் கேட்கவேண்டிய கேள்விகள் பல: இங்கு நிகழும் பேறுகளில் அறுவை எத்தனை? குருதி உடனே கிடைக்குமா? குறைமாதக் குழந்தையைக் காக்கும் வசதி உண்டா? பேற்றறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமா? மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் (2017) பேற்றறையின் தரத்தோடு மதிப்பான கவனிப்பையும் துணை இருத்தலையும் வலியுறுத்துகிறது. தாயுமானவர் கதை எழுப்பிய கேள்வியே ஆட்சிமொழியில் மீண்டும் வந்துள்ளது எனலாம்.

இக்கேள்விகளைக் கேட்கவும் விடையைப் புரிந்துகொள்ளவும் அவளுக்குச் சொற்கள் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவற்றுள் நான்கினை இவண் குறிப்பிடலாம்.

முதலாவது, போலி ஒப்புமை. மலையாளத்தில் பிரசவாவதி என்பது பேறுகால விடுப்பு; அவதி அங்கு விடுமுறை. தமிழ்ப் பேச்சில் அவதி துன்பம். மலையாளப் படிவத்தை ஒலியளவில் தமிழாக்கினால் விடுப்பு வேதனையாகிவிடும். சுகப்பிரசவம் போன்றவை இரு மொழிகளிலும் ஒரே பொருளில் நிற்பதால், மற்றவையும் அவ்வாறே என்னும் மயக்கம் எளிதில் உண்டாகும்.

இரண்டாவது, பேறு என்னும் சொல்லின் உட்பொருள். பெறுதல் நன்மையை எய்துதல். ஆதலின் மகப்பேற்று இறப்பு என்னும் தொடர் முரண்பட்டு ஒலிக்கிறது. இறந்து பிறந்த குழந்தையின் தாயிடம் மகப்பேறு என்னும் சொல்லை வழங்குதல் கொடுமையாகிறது. பேறுகாலம் என்னும் தென்தமிழ் வழக்கு காலத்தை மட்டும் குறிப்பதால், இத்தகைய இடங்களுக்கு அதுவே ஏற்றது.

மூன்றாவது, நோயாளி. ஆங்கிலப் படிவங்களில் வரும் பேஷண்ட் என்னும் சொல்லை யாண்டும் நோயாளி எனப் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. கருவுற்றவள் நோயுற்றவளல்லள். நேரே அவளை விளித்து நீங்கள் என எழுதுவதே பொருத்தம். நோயாளி அனுமதிக்கப்படுவார் என்பதனினும் நீங்கள் வந்து சேரலாம் என்பது பொருளில் குறையாதது, பெண்ணை எழுவாயாக்குவது.

நான்காவது, ஒப்புதல் படிவம். தன்னுணர்வோடு முடிவெடுக்கத்தக்க வயதுவந்த பெண்ணுக்கு மாற்றாக உறவினர் அளிக்கும் ஒப்புதல், அவசரநிலையல்லாத அறுவைக்குச் செல்லாது என 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று நிறுவியுள்ளது. அத்தீர்ப்பில் ஒப்புபவள் அவளே. இவருக்கு அறுவை செய்யச் சம்மதிக்கிறோம் என்னும் தமிழ்த் தொடரிலோ அவள் வேற்றுமையுருபு ஏற்று ஒதுங்கி நிற்கிறாள். எனக்கு அறுவை செய்ய நான் ஒப்புகிறேன் என எழுதினால் இலக்கணமும் சட்டமும் ஒத்துவரும். மேலும், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல், ஆயுதம் போட்டு எடுத்தல் என மக்கள் வழங்கும் தொடர்களைக் கலைச்சொல்லுக்கு அருகில் தருதல் நலம். விளங்காத சொல்லுக்கு இடப்படும் கையெழுத்து ஒப்புதலாகாது.

7. முடிவுரை

ஈற்றில்லம் வீட்டிலிருந்து மறைந்தது, மருத்துவச்சி என்னும் சொல் பதவி பெறாமல் நின்றது, பெற்றவள் சேர்க்கப்பட்டவளானாள். உயிர்களைக் காத்த மாற்றத்தோடு உடன்வந்த மொழிமாற்றங்கள் இவை. மாற்றத்தின் நன்மையை வைத்துக்கொண்டு, அதன்வழி இழந்த எழுவாயை மீட்க இயலும். 1918இல் தைக்காட்டில் ஒரு பெண் தானே தேர்ந்த இடத்தில் பிள்ளை பெற்றார். அவ்வுரிமை இன்று தைக்காட்டிலோ எஸ்.ஏ.டி.யிலோ தனியார் மருத்துவமனையிலோ நுழையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உரியது. அவள் கையில் கொடுக்கப்படும் தாளில் அவளே எழுவாயாக இருக்கிறாளா என்பதைப் பார்ப்பது, அத்தாளை எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் ஆகியோரின் கடமை.